250 கெஜத்துக்குள் வெள்ளைவால் மான் வேட்டை: எந்தக் காலிபர், எத்தனை கிரெயின்?

மேப்பிள் மாறன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்டாரியோவில் வசிக்கிறேன். துப்பாக்கி உரிமத்தையும் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழையும் பெற்றுவிட்டேன். வரும் நவம்பரில் பாரி சவுண்டுக்கு வடக்கே உள்ள காட்டுப் பகுதிக்கு, அனுபவமுள்ள ஒரு குழுவினருடன் வெள்ளைவால் மான் வேட்டைக்குச் செல்லவிருக்கிறேன். அதற்குள் என் முதல் ரைஃபிளை வாங்க வேண்டும்.

நாங்கள் செல்லும் இடத்தில் பெரும்பகுதி அடர்ந்த காடு என்பதால் நாற்பது முதல் நூறு கெஜத்துக்குள்தான் மான் கண்ணில் படும் என்று குழுவினர் சொல்கிறார்கள். ஆனால் மின்கம்பித் தடத்தின் ஓரத்திலும், மரம் வெட்டிய திறந்தவெளிகளிலும் 200, சில வேளைகளில் 250 கெஜம் வரை சுட வேண்டியிருக்குமாம். அதற்கு அப்பால் சுடும் எண்ணம் எனக்கில்லை.

கடையில் நான் விரும்பிய ஒரே மாதிரி ரைஃபிள் .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர், .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ஆகிய நான்கு காலிபர்களிலும் (குழலின் உள்விட்டத்தையும் அதற்குரிய தோட்டாவையும் குறிக்கும் பெயர்) கிடைக்கிறது. தோட்டா அலமாரிக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. .308-க்கு மட்டுமே 150, 165, 180 கிரெயின் என்று எடை வாரியாகப் பெட்டிகள் இருக்கின்றன. ஒரே எடையிலும் சாதாரண ஈயக் குண்டு ஒரு விலை, ஈயத்தை அதன் மேலுள்ள உலோக உறையுடன் பிணைத்த குண்டு ஒரு விலை, முழுச் செம்புக் குண்டு அதைவிடக் கூடிய விலை என்று இருக்கிறது.

நான் மெலிந்த உடல்வாகு உள்ளவன். நண்பர் ஒருவரின் .30-06 ரைஃபிளைச் சுட்டுப் பார்த்தபோது அதன் பின்னுதைப்பு எனக்கு அதிகமாகவே தோன்றியது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், இறைச்சியை அவர்களும் உண்பார்கள் என்பதால் ஈயத்தைப் பற்றியும் கவலை இருக்கிறது. பின்னாளில் மூஸ் எனப்படும் மிகப் பெரிய மானின வேட்டைக்கும் இதே ரைஃபிளைப் பயன்படுத்த முடிந்தால் நல்லது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வடகாட்டு வேலன்:

தம்பி மாறன், 250 கெஜத்துக்கு அப்பால் சுடப்போவதில்லை என்று நீங்களே எல்லை வகுத்துக்கொண்டிருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது. அந்த எல்லைக்குள் நீங்கள் குறிப்பிட்ட நான்கு காலிபர்களும் வெள்ளைவால் மானை ஒரே குண்டில் வீழ்த்தக்கூடியவை. ஆகவே காலிபரைப் பற்றிய வாதத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, குண்டைப் பற்றி விரிவாகப் பேசுவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

.30-06 தோட்டா 1906-லும் .308 தோட்டா 1952-லும் வந்தவை. இரண்டும் ஒரே விட்டமுள்ள குண்டையே சுடுகின்றன. .308-இன் தோட்டா உறை 12 மில்லிமீட்டர் குட்டையானது என்பதால் வெடிமருந்து சற்றுக் குறைவு. 150 கிரெயின் குண்டு .30-06-இல் விநாடிக்கு ஏறத்தாழ 2,900 அடி வேகத்திலும், .308-இல் ஏறத்தாழ 2,800 அடி வேகத்திலும் குழலை விட்டுக் கிளம்பும். இந்த நூறு அடி வேறுபாட்டை 250 கெஜத்துக்குள் எந்த மானும் உணரப்போவதில்லை. உங்கள் தோள் நிச்சயம் உணரும். .243 என்பது .308 உறையின் கழுத்தைச் சுருக்கி 1955-இல் உருவாக்கப்பட்டது. நூறு கிரெயின் குண்டுடன் அது மானுக்குப் போதும், உதையும் மிகக் குறைவு. ஆனால் அது உண்டாக்கும் காயம் சிறியது, மூஸுக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எஞ்சுபவை .308, 6.5 கிரீட்மூர் இரண்டும்தான்.

இனி எடைக்கு வருவோம். கிரெயின் என்பது எடை அளவு. ஏழாயிரம் கிரெயின் ஒரு பவுண்டு. 150 கிரெயின் என்றால் ஏறத்தாழ 9.7 கிராம், 180 என்றால் 11.7 கிராம். கனமான குண்டு தாழ்ந்துவிடும், இலேசான குண்டு நேராகப் போகும் என்று கடைகளில் சொல்வார்கள். உங்கள் தொலைவுக்கு அது பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை: நூறு கெஜத்தில் ஜீரோ செய்த (அதாவது குறிவைத்த புள்ளியிலேயே குண்டு படுமாறு குறிநோக்கியைச் சரிசெய்த) .308-இல் 150 கிரெயின் குண்டுக்கும் 180 கிரெயின் குண்டுக்கும் 200 கெஜத்தில் உள்ள வீழ்ச்சி வேறுபாடு ஓர் அங்குலத்தை ஒட்டியதுதான். உண்மையான வேறுபாடு குண்டு உடலுக்குள் நுழைந்த பிறகே தெரியவரும்.

குண்டு விரிவதற்குக் குறிப்பிட்ட வேகம் தேவை. அந்த வேகம் அளவுக்கு மிஞ்சினால் அது விரியாமல் சிதறிவிடும். மெல்லிய உறையுள்ள சாதாரண 150 கிரெயின் குண்டு நாற்பது கெஜத்தில் 2,700 அடி வேகத்துடன் தோள் எலும்பில் பட்டால், ஈயம் உறையை விட்டுப் பிரிந்து சதையெங்கும் சிதறும், இரு முன்தொடைகளிலும் இரத்தம் கட்டி இறைச்சி வீணாகும், குண்டு மறுபக்கம் வெளியேறாமலும் போகலாம். அதே குண்டு 200 கெஜத்தில் 2,260 அடி வேகத்தில் விலாவில் பட்டால் மிக அழகாக வேலை செய்யும். நீங்களோ இந்த இரண்டு தொலைவுகளுக்கும் ஒரே குண்டை வைத்துக்கொண்டு போகிறீர்கள். அதனால்தான் .308 வாங்கினால் 165 கிரெயின், அதுவும் ஈயத்தை உறையுடன் பிணைத்த வகை என்று சொல்கிறேன். அருகிலும் சிதறாது, தொலைவிலும் விரியும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிவிடும்.

வெளியேறுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். நுரையீரல் இரண்டும் துளைக்கப்பட்ட மானும் ஐம்பது, நூறு கெஜம் ஓடிவிடும். நம் காட்டில் அந்தத் தொலைவுக்குள் ஒரு சதுப்பும் ஒரு தேவதாருப் புதரும் குறுக்கே வந்துவிடும். உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்ட குண்டு உள்ளேயே நின்றுவிட்டால், நுழைந்த துளை விலாவின் மேற்பகுதியில் இருப்பதால் இரத்தம் நெஞ்சறைக்குள்ளேயே தேங்கும். தரையில் இருபது கெஜத்துக்கு ஒரு துளி கிடைத்தாலே பெரிது. கீழ்ப்புறம் வெளியேறிய துளை இருந்தால் இலைச்சருகின் மீதும், கால் உரசிய இளஞ்செடிகளின் இருபுறத்திலும் இளஞ்சிவப்பு நுரைத்த இரத்தம் தொடர்ந்து தெரியும். மாலை மங்கும் நேரத்தில் அந்தத் தடம்தான் விலங்கைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அடிபட்டு ஓடிய விலங்கைக் கைவிடுவதைவிட வேட்டைக்காரனுக்கு வேறு இழுக்கில்லை.

சட்டம் பற்றியும் ஒன்று. நீங்கள் போகும் வடபகுதியில் சிக்கலில்லை. ஆனால் தென் ஒன்டாரியோவின் பல மாவட்டங்களில் .275-க்கு மேற்பட்ட காலிபர் ரைஃபிளுக்குத் தடை உண்டு. அங்கே மான் பருவத்திலும் பல இடங்களில் ஷாட்கன்னும், குழல்முனை வழியாக வெடிமருந்தை இடும் துப்பாக்கியும் மட்டுமே அனுமதி. வீட்டுக்கு அருகில் எப்போதாவது வேட்டையாட நினைத்தால், ஆண்டுதோறும் வரும் மாகாண விதித் தொகுப்பில் அந்தப் பிரிவின் எண்ணைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஃபியோர்ட் நிலா:

வேலன் அண்ணா எடையைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 6.5 மி.மீ. குண்டை அவர் போகிற போக்கில் விட்டுவிட்டதாக எனக்குப் படுகிறது. நான் நார்வேயில் வசிக்கிறேன். இங்கே 1894-ஆம் ஆண்டு முதல் இருக்கும் 6.5x55 தோட்டாவால் தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடுகிறார்கள். உங்கள் 6.5 கிரீட்மூரும் அதே விட்டமுள்ள குண்டைத்தான் ஏறத்தாழ அதே வேகத்தில் சுடுகிறது.

இந்நாட்டு விதி உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. மூஸ், செம்மான், கலைமான் போன்ற பெருவிலங்குகளுக்கு விரியும் குண்டு கட்டாயம், அதன் எடை 9 கிராமுக்குக் குறையக் கூடாது. குண்டு 9 முதல் 10 கிராம் வரை இருந்தால் 100 மீட்டரில் 2,700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,200 ஜூல் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 140 கிரெயின், அதாவது 9.1 கிராம் குண்டு நூறு மீட்டரில் விநாடிக்கு 770 மீட்டர் வேகத்தைத் தக்கவைத்திருக்க வேண்டும். 156 கிரெயின், அதாவது 10.1 கிராம் குண்டுக்கு 660 மீட்டர் இருந்தாலே விதி நிறைவேறிவிடும். கனமான குண்டு ஊடுருவலை எடையால் ஈட்டிக்கொள்கிறது என்ற அனுபவ அறிவைத்தான் இந்த விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. மெதுவாகச் செல்லும் அந்த நீண்ட 156 கிரெயின் குண்டு இங்கே மூஸ் வேட்டைக்காரர்களின் நெடுங்கால விருப்பமாக இருப்பதற்கும், அது இறைச்சியை அதிகம் கெடுப்பதில்லை என்பதற்கும் காரணம் இதுவே.

குண்டின் எடையை அதன் விட்டத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எடையைப் பவுண்டிலும் விட்டத்தை அங்குலத்திலும் எடுத்து, எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் குறுக்குவெட்டு அடர்த்தி கிடைக்கும். .308-இன் 150 கிரெயினுக்கு அது 0.226, 165-க்கு 0.248, 180-க்கு 0.271, 6.5-இன் 140 கிரெயினுக்கு 0.287. அமைப்பும் வேகமும் ஒத்திருந்தால் இந்த எண் கூடக் கூட ஊடுருவலும் கூடும். ஆகவே 140 கிரெயின் 6.5 குண்டை 150 கிரெயின் .308 குண்டைவிடச் சிறியது என்று ஒதுக்குவது சரியன்று. பின்னுதைப்போ .308-இல் இருப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மாறன் தம்முடைய உடல்வாகைப் பற்றிச் சொன்னது என் மனத்தில் நிற்கிறது. நானும் உயரம் குறைந்தவள், உதைக்கு அஞ்சாமல் பயிற்சி செய்ய முடிவதே எனக்கு முதல் தகுதி.

இங்கே பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஒவ்வோர் ஆண்டும் தேர்வு எழுத வேண்டும், தாளில் அல்ல, இலக்குப் பலகையில். முப்பது பயிற்சிக் குண்டுகளைச் சுட்டுவிட்டு, 100 மீட்டரில் கலைமான் உருவத்தின் மீது ஐந்து குண்டுகளையும் உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி) வட்டத்துக்குள் வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மீண்டும் முயல வேண்டும். கனடாவில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் நீங்களே அதை உங்களுக்கு விதித்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

பிள்ளைகளின் உணவைப் பற்றி: ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள், சேதமடைந்ததாகத் தோன்றும் சதைக்கு வெகு அப்பாலும் பரவுகின்றன. எக்ஸ்-ரே படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் குறைந்த அளவு ஈயமும் தீங்கு என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. நார்வேயின் உணவுப் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2013-இல் மூஸ் போன்ற மானினங்களின் இறைச்சியில் உள்ள ஈயத்தை ஆராய்ந்து இதைக் கவனப்படுத்தியது. கொத்திறைச்சியில்தான் ஆபத்து கூடுதல், ஏனெனில் காயத்தை ஒட்டிய துண்டுகள் அதில்தான் போய்ச் சேருகின்றன. எங்கள் வீட்டில் முழுச் செம்புக் குண்டு மட்டுமே. காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது நல்லது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே முற்றாகத் தடைசெய்திருக்கிறார்கள். அதற்குக் காண்டார் கழுகுகளின் அழிவு முக்கியக் காரணம்.

புல்வெளி அரசு:

ஆல்பர்ட்டாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பெருவிலங்குக்கு .23-க்குக் குறைந்த காலிபர் கூடாது, விரியாத குண்டும் கூடாது என்பது சட்டம். நான்கு தேர்வுகளும் அதற்கு உட்பட்டவைதான்.

6.5 கிரீட்மூருக்கு நானும் ஆதரவாளன், ஆனால் அதற்கு என்னிடம் உள்ள காரணம் காற்று. 143 கிரெயின் நெடுங்குண்டு 2,700 அடியில் புறப்பட்டாலும் 200 கெஜத்தில் ஏறத்தாழ 2,400 அடி வேகத்தை வைத்திருக்கும். 2,820 அடியில் கிளம்பும் சாதாரண 150 கிரெயின் .308 குண்டு அதே இடத்தில் 2,260 அடிக்கு இறங்கிவிடும். மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்றில் 300 கெஜத்தில் முன்னது ஐந்தாறு அங்குலம் விலகினால், பின்னது ஒன்பது பத்து அங்குலம் விலகும். எங்கள் சமவெளியில் இது பெரிய காரியம். உங்கள் காட்டில் நூறு கெஜத்தில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த நெடுங்குண்டுகளிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. தொலைதூரத்தில் குறைந்த வேகத்திலும் விரிய வேண்டும் என்பதற்காகவே அவற்றின் முனையையும் உறையையும் மென்மையாக அமைத்திருக்கிறார்கள். நாற்பது கெஜத்தில் தோள் எலும்பில் பட்டால் வேலன் சொன்ன சிதறல் இங்கும் நடக்கும். உங்கள் தேவைக்கு 6.5 வாங்கினாலும், கூர்முனைப் பந்தயக் குண்டின் சாயலில் இருப்பதைத் தவிர்த்து, பிணைத்த 140 கிரெயினையோ 120 கிரெயின் செம்பையோ தேர்ந்தெடுங்கள். அமெரிக்கரான ஜான் நாஸ்லர் 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸை மிக அருகில் சுட்டபோது, அதிவேகக் குண்டு ஆழமாக ஊடுருவாமல் உடைந்துபோனது. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் நடுவே செம்புத் தடுப்புள்ள பார்ட்டிஷன் குண்டு 1948-இல் பிறந்தது. முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி கட்டுக்குலையாமல் உள்ளே போகும். இத்தனை ஆண்டுக்குப் பின்னும் கடைகளில் கிடைக்கிறது என்றால் அதன் தகுதிக்கு வேறு சான்று வேண்டாம்.

மேப்பிள் மாறன்:

மூவருக்கும் மிக்க நன்றி. .243-ஐயும் .30-06-ஐயும் விட்டுவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. .308-க்கு 130 கிரெயின் செம்புக் குண்டு ஒன்று கடையில் இருக்கிறது. 165 கிரெயின் வேண்டும் என்று வேலன் அண்ணா சொல்லும்போது 130 எப்படிப் போதும்? அடுத்து, மூஸுக்கு .308-இல் 180 கிரெயினுக்கு மாறத்தான் வேண்டுமா?

ஃபியோர்ட் நிலா:

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், தோட்டா உறைக்குள் வெடிமருந்துக்கான இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதோடு, செம்பு இதழ்களாக விரிந்தாலும் பெரும்பாலும் எடையை இழப்பதில்லை. 165 கிரெயின் சாதாரண ஈயக் குண்டு உடலுக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழப்பது புதிதல்ல. அப்போது கடைசியில் ஊடுருவுவது 110 கிரெயின்தான். 130 செம்பு ஏறக்குறைய 130 ஆகவே மறுபக்கம் வெளியே போகும். அதனால் செம்புக்கு ஒரு படி இலேசான எடையைத் தேர்ந்தெடுப்பதே முறை.

அதன் குறை, விரிவதற்குக் கூடுதல் வேகம் கேட்பது. 2,000 அடிக்குக் கீழே செம்பை நம்ப வேண்டாம். 130 கிரெயின் குண்டு .308-இலிருந்து 3,000 அடியை ஒட்டிப் புறப்படுவதால் உங்கள் 250 கெஜ எல்லையில் அந்தக் கவலை எழாது.

வடகாட்டு வேலன்:

நிலா சொன்னது சரி. பிள்ளைகளின் பொருட்டுச் செம்புக்கு மாறுவதானால் 130 அல்லது 150 எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொன்ன 165 ஈயக் குண்டுக்கே பொருந்தும். மூஸுக்கு 150 கிரெயின் செம்போ, பிணைத்த 165-ஓ 180-ஓ எல்லாமே தகும். ஒரே குண்டை இரண்டு விலங்குக்கும் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன், ஏனெனில் பெட்டி மாறினால் ஜீரோவும் மாறும்.

காலிபரில் நான் இன்னமும் .308 பக்கம்தான். வடபகுதியின் சிற்றூர்க் கடைகளில் கதவு சாத்தும் நேரத்தில் போனாலும் அந்தத் தோட்டா கிடைக்கும். ஆனால் தோள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் 6.5 வாங்குங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. அதைச் சோதிக்க எளிய வழி: பயிற்சித் தளத்தில் நண்பரைத் துப்பாக்கியை நிரப்பச் சொல்லுங்கள். அவர் சில முறை உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டாவை இடட்டும். விசையை இழுத்தும் வெடிக்காத அந்தக் கணத்தில் குழல்முனை கீழே குத்தினால் நீங்கள் உதையை எதிர்பார்த்துத் துப்பாக்கியைத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். இரண்டு காலிபரிலும் இதைச் செய்து பாருங்கள். எதில் முனை அசையாமல் நிற்கிறதோ அதை வாங்குங்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் உள்ள வேக அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது 24 அங்குலக் குழலில் அளந்தது. 20 அங்குலக் குழலில் அங்குலத்துக்கு 20 முதல் 30 அடி வரை குறையும்.

புல்வெளி அரசு:

ஜீரோ விஷயத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். மானின் உயிர்நிலை எட்டு அங்குல வட்டம். .308-ஐ 200 கெஜத்தில் ஜீரோ செய்தால் குண்டு 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும், 250 கெஜத்தில் நான்கு அங்குலத்தை ஒட்டிக் கீழே படும். அதாவது 225 கெஜம் வரை முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவைத்துச் சுட்டால் போதும், எந்தக் கணக்கும் தேவையில்லை. 250-இல் மட்டும் கையளவு மேலே வையுங்கள்.

பயிற்சித் தளத்தில் 200 கெஜம் இல்லையென்றால் 100-இல் இரண்டு அங்குலம் மேலே படுமாறு சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் வேட்டைக்கு முன் ஒருமுறையாவது உண்மையான 200-இல் சுட்டு உறுதிப்படுத்துங்கள். மேசையில் மணல்மூட்டை மீது வைத்துச் சுட்டது போதும் என்று நிறுத்திவிடாமல் முழந்தாளிட்டும், மரத்தில் சாய்ந்து நின்றும் சுடுங்கள். அந்த நிலையில் எட்டு அங்குலத் தட்டில் ஐந்துக்கு ஐந்து எந்தத் தொலைவுவரை படுகிறதோ, இந்த நவம்பரில் உங்கள் எல்லை அதுவே. அது 120 கெஜமாக இருந்தால் 250-ஐ அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

மேப்பிள் மாறன்:

வேலன் அண்ணா சொன்ன போலித் தோட்டாச் சோதனையை இரண்டு காலிபரிலும் செய்து பார்க்க, வரும் சனிக்கிழமை பயிற்சித் தளத்தில் இடம் கேட்டிருக்கிறேன். எது முடிவானாலும் செம்புக் குண்டுதான்; .308 என்றால் 130, 6.5 என்றால் 120. இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி என் ரைஃபிள் குண்டுகளை எவ்வளவு நெருக்கமாக ஒரே இடத்தில் குவிக்கிறது என்று பார்த்த பிறகே மிச்சத்தை வாங்குவேன். இலக்குத் தாளின் படத்தை இங்கே இடுகிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.